மூளைக்கட்டிக்கு ரெண்டு வகை ரேடியேஷன் சேர்க்கலாம் என்றால் என்னென்ன கேட்பது

வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் முடிந்து, பயாப்சியில் கிளியோபிளாஸ்டோமா, அதாவது வேகமாக வளரும் மூளைப் புற்றுக்கட்டி, கிரேடு 4 என்று வந்துவிட்டது என்று வையுங்கள். ஒரு ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைத்தால் போதும் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் அதோடு காமா நைஃபும் (சின்ன இடத்தைக் குறிவைத்து அதிக கதிர் கொடுக்கும் முறை) சேர்க்கலாம், பாதியைப் புரோட்டான் கதிரில் கொடுக்கலாம் என்கிறார்கள். எதைச் சேர்ப்பது, சேர்க்கலாமா என்பதை ரேடியேஷன் ஆங்காலஜிஸ்ட்தான் முடிவு செய்ய முடியும். அவர் எதை நம்பி அப்படிச் சொல்கிறார் என்று கேட்பதற்கு நமக்குக் கொஞ்சம் விவரம் வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் வழக்கமான சிகிச்சை எது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆபரேஷன் புண் ஆறிய பிறகு, பெரும்பாலும் 3 முதல் 6 வாரத்துக்குள் ஆரம்பித்து, ஒரு சிட்டிங்குக்கு 2 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) வீதம், வாரம் 5 நாள், 30 சிட்டிங், மொத்தம் 60 கிரே. கூடவே தினமும் டெமோசோலமைட் என்ற கீமோ மாத்திரை. ரோஜர் ஸ்டப் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ரேடியேஷன் மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் இதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்று பொருள்) 12.1 மாதம், மாத்திரையும் சேர்த்தவர்களுக்கு 14.6 மாதம். கேட்க வித்தியாசம் சின்னதுதான், ஆனால் இரண்டு வருடம் தாண்டியவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமானார்கள். வயதானவர், உடம்பு தாங்காது என்றால் 15 சிட்டிங்கில் 40 கிரே கொடுத்து முடிப்பதும் உண்டு, அதைக் குறைந்த சிகிச்சை என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

அப்புறம் ஏன் இன்னொன்றைச் சேர்க்கப் பார்க்கிறார்கள்? இந்தக் கட்டி திரும்பி வந்தால் பெரும்பாலும் பழைய இடத்திலேயே, இல்லாவிட்டால் அதிலிருந்து 2 செ.மீ. சுற்றளவுக்குள் வருகிறது. அந்த இடத்துக்கு மட்டும் டோஸைக் கூட்டினால் பிடித்துவிடலாமே என்ற எண்ணம் எவருக்கும் வரும். வந்தது, செய்தும் பார்த்தார்கள். அமெரிக்காவில் ஆர்டிஓஜி 93-05 என்ற ஆய்வில் ஒரு பிரிவினருக்கு முதலில் ரேடியோசர்ஜரி (காமா நைஃப் போன்ற குறிவைத்த கதிர்), பிறகு வழக்கமான 60 கிரேயும் கார்மஸ்டின் என்ற கீமோ மருந்தும். இன்னொரு பிரிவினருக்கு ரேடியோசர்ஜரி மட்டும் கிடையாது, மற்றதெல்லாம் அதேதான். 2004-இல் வந்த முடிவு: இடைநிலை ஆயுள் ரேடியோசர்ஜரி சேர்த்தவர்களுக்கு 13.5 மாதம், சேர்க்காதவர்களுக்கு 13.6 மாதம். அதாவது ஒன்றும் மாறவில்லை. அயோடின்-125 என்ற கதிர்வீசும் பொருளின் சின்ன விதைகளை மூளைக்குள் வைத்துப் பார்த்த பழைய ஆய்வுகளும் ஆயுளைக் கூட்டியதாகக் காட்டவில்லை.

அதோடு முயற்சி நின்றுவிடவில்லை. ஜப்பானில் சீபாவிலும் ஜெர்மனியில் ஹெய்டெல்பெர்க்கிலும் சுமார் 50 கிரேவைச் சாதாரண எக்ஸ்ரே கதிரில் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு கார்பன் அயனிக் கதிரில் பூஸ்ட், அதாவது கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் டோஸ், கொடுக்கும் முறையை எடுத்தார்கள். ஒசாகாவில் போரான் நியூட்ரான் சிகிச்சைக்குப் (போரான் மருந்து ஏற்றிய கட்டிமேல் நியூட்ரான் கதிர் பாய்ச்சுவது) பிறகு எக்ஸ்ரே கதிரைச் சேர்த்துப் பார்த்தார்கள். இன்ட்ராகோ ஆய்வுகளில் ஆபரேஷன் மேஜையிலேயே, கட்டி எடுத்த குழிக்குள் 20 முதல் 40 கிரே கொடுத்துவிட்டு, பின்னால் 60 கிரேவும் கொடுக்கிறார்கள். கட்டி எடுத்த குழியில் பதிக்கும், கதிர்வீசும் சீசியம்-131 வைத்த காமாடைல் என்ற சின்ன ஓடுகளுக்கு அமெரிக்காவில் 2018-இல் திரும்பி வந்த கட்டிகளுக்கும், 2020-இல் புதிய கட்டிகளுக்கும் அனுமதி கிடைத்தது. அனுமதி கிடைத்தது என்பதை ஆயுள் கூடும் என்று படித்துவிடக் கூடாது. சென்னையில் 2019-இலிருந்து புரோட்டான் இருக்கிறது. புரோட்டான் கதிர் குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடுவதால் பின்னால் உள்ள நல்ல மூளைக்குப் போகும் டோஸ் குறைகிறது, அது உண்மையான லாபம். கிளியோபிளாஸ்டோமாவில் ஆயுளைக் கூட்டும் என்று யாராவது சொன்னால் மட்டும் எந்த ஆய்வு என்று கேளுங்கள்.

என் கருத்தைச் சொல்கிறேன்: புதிதாகக் கண்டுபிடித்த கட்டிக்கு, ஆய்வுக்கு வெளியே, கைக்காசு பல லட்சம் போட்டு ரெண்டாவது ரேடியேஷன் சேர்ப்பதற்கு நான் அவசரப்பட மாட்டேன். கட்டி திரும்பி வந்தபோதும், பார்வை நரம்பையோ மூளைத்தண்டையோ ஒட்டி இருக்கும்போதும் கதை வேறு, அங்கே ரெண்டு வகையைக் கலப்பதற்கு நல்ல காரணம் இருக்கலாம். அந்த உறுப்புகளுக்கு 54 கிரே அளவில் கோடு போட்டுக்கொண்டுதான் பிளானே போடுகிறார்கள்.

இப்போது கணக்கு, இதுதான் முக்கியம். ஒரு கிரேயும் ஒரு கிரேயும் கூட்டினால் எப்போதும் ரெண்டு ஆகாது, ஏனென்றால் ஒரு சிட்டிங்கில் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்து மூளைத் திசுவுக்கு ஆகும் சேதம் மாறும். கட்டி திரும்பி வந்தால் 10 சிட்டிங்கில் 35 கிரே கொடுப்பது ஒரு வழக்கம். காகிதத்தில் 35தான், ஆனால் சிட்டிங்குக்கு 2 கிரே என்ற கணக்குக்கு மாற்றினால் நல்ல மூளைக்கு அது ஏறக்குறைய 48. முன்பு கொடுத்த 60-ஐயும் சேர்த்தால் 108. இந்த மொத்தம் 100-ஐத் தாண்டும்போது நெக்ரோசிஸ், அதாவது கதிரால் மூளைத் திசு செத்துப்போவது, வரும் பயம் கூடுகிறது. இடம் சின்னதாக இருந்து, முதல் ரேடியேஷன் முடிந்து நாளும் ஆகியிருந்தால் தெரிந்தே தாண்டுவார்கள். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "ரெண்டையும் 2 கிரே கணக்குக்கு மாற்றினால் மொத்தம் எவ்வளவு, அது எந்த இடத்தில் விழுகிறது?" கூடவே, கலப்பதன் நோக்கம் கட்டியை அடிப்பதா, பக்க உறுப்பைக் காப்பதா என்றும், எம்ஜிஎம்டி, ஐடிஎச் (கட்டியின் மரபணுக்களைப் பார்ப்பது) பரிசோதனை முடிவுகள் இந்த யோசனையை மாற்றுமா என்றும் கேளுங்கள். ரெண்டும் ரெண்டு ஆஸ்பத்திரியில் என்றால், மொத்தக் கணக்குக்கு எந்த டாக்டர் பொறுப்பு என்று பெயரோடு தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதல் ரேடியேஷன் முடிகிற நாளில் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். பிளானிங் சிடி ஸ்கேன், வரைந்த கட்டி எல்லை, டோஸ், பிளான் நான்கும் டைகாம் வடிவில் (ஸ்கேன், பிளான் விவரங்களை வேறு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரிலும் திறக்க உதவும் ஃபைல் வடிவம்) டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ வேண்டும் என்று பிசிக்ஸ் பிரிவில் கேளுங்கள். பிற்பாடு வேறு ஊரில் ரேடியேஷன் கொடுக்க நேர்ந்தால் பழைய டோஸ் மேல் புதியதை வைத்துப் பார்க்க அது தேவை. அச்சடித்த கலர் படம் அதற்கு உதவாது.

இன்னொன்று. ரேடியேஷன் முடிந்து முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் எம்ஆர்ஐயில் கட்டி பெரிதானதுபோல் தெரியலாம், வீக்கமும் கூடியிருக்கலாம். பல நேரம் அது சிகிச்சையின் விளைவுதான், சூடோபுரோகிரஷன் என்பார்கள். அந்த ஒரு படத்தை வைத்து உடனே ரெண்டாவது ரேடியேஷன் என்று யாராவது சொன்னால், பெர்ஃபியூஷன் எம்ஆர்ஐயோ (ரத்த ஓட்டத்தைக் காட்டுவது) பெட் ஸ்கேனோ எடுத்துப் பார்க்கலாமா, நாலு முதல் எட்டு வாரம் கழித்து இன்னொரு எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். காத்திருக்கும் நாட்களில் மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வலிப்பு வந்தாலோ, வாந்தியோடு மயக்கம் கூடினாலோ, புதிதாகக் கை கால் தளர்ந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பார்க்காமல் அன்றைக்கே எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போங்கள், அந்த டைகாம் டிஸ்க்கையோ பென்டிரைவையோ எடுத்துக்கொண்டு.