ரீயூனியனில் பால் தமூல் நடத்த மேரியிடம் மானியம் கேட்பது எப்படி

எங்கள் சங்கத்துக்கு மேரியிலிருந்து, அதாவது நகராட்சி அலுவலகத்திலிருந்து, மானியம் வந்த செய்தி பரவியதிலிருந்து, இந்தியப் பெருங்கடலில் உள்ள இந்தப் பிரெஞ்சுத் தீவின் நாலாபக்கமிருந்தும் ஒரே கேள்வி: "கோப்பில் என்ன எழுதினீங்க?" தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே. நாங்கள் கேட்டது பால் தமூலுக்கு, அதாவது கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த தெருக்கூத்துக்கு. வாத்தியார் பாட்டை எடுத்துக் கொடுக்க, மத்தளமும் தாளமும் சேர, விடிய விடிய நடக்குமே அதுதான். பரதம், தமிழ் வகுப்பு, பொங்கல் விழா என்று எதற்குக் கேட்டாலும் வழி கிட்டத்தட்ட இதேதான்.

சங்கங்களுக்கான 1901ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டப்படி சங்கத்தைப் பதிந்து, வங்கிக் கணக்கும் திறந்திருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் பெயரைச் சரிபாருங்கள்

கையில் இரண்டு எண்கள் வேண்டும்: பதிவின்போது கிடைத்த, டபிள்யூவில் தொடங்கும் ஆர்.என்.ஏ. (தேசியச் சங்கப் பதிவேடு) எண், அரசின் புள்ளிவிவர நிறுவனமான இன்சே தரும் 14 இலக்க சீரே அடையாள எண். சீரே இல்லாத சங்கத்துக்குப் பொதுப்பணம் வராது. இந்த இரண்டு பதிவுகளிலும், வங்கி தரும் ரிப் (கணக்கு விவர) தாளிலும் சங்கத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நம் பெயர்களில் வரும் தொல்லையே இதுதான்: 'சங்கம்' என்பதைப் பிரெஞ்சில் ஒருவர் எச் போட்டு எழுதியிருப்பார், ஒருவர் போடாமல் எழுதியிருப்பார். பணம் அனுப்பும் நேரத்தில் அந்த ஒரு எழுத்துக்காகக் கோப்பு நின்றுவிடும்.

படிவம்

சில மேரிகள் தங்கள் சொந்தப் படிவத்தைத் தருகின்றன, மற்ற இடங்களில் செர்ஃபா 12156 என்ற எண்ணுள்ள அரசுப் பொதுப் படிவம். கடைசித் தேதி ஊருக்கு ஊர் மாறும், மேரியின் சங்கங்கள் பிரிவில் நேரில் போய்க் கேட்பது உத்தமம். பி.டி.எஃப் படிவத்தைக் கணினியில் இறக்கி அடோபி ரீடரில் நிரப்புங்கள். பிரவுசரிலேயே நிரப்பிச் சேமித்தால் சில நேரம் வெறும் கட்டங்கள்தான் மிஞ்சும். கணக்குக்கு எனக்கு லிப்ரே ஆபீஸ் போதும், இலவசம், கூட்டலும் தானே நடக்கும். கையால் எழுதி, போனில் படம் பிடித்து அனுப்பும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம்

இங்கே மெதுவாகப் படியுங்கள். மதத்தையும் அரசையும் பிரித்த 1905ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டம், இரண்டாவது பிரிவு: குடியரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எந்த மதத்துக்கும் சம்பளமோ மானியமோ தராது. 1911இலிருந்து அது ரீயூனியனுக்கும் பொருந்தும். ஆனால் நம் ஊரில் கூத்து நடப்பது கோயில் வாசலில், கதை மகாபாரதம், பல சமயம் தீமிதியை ஒட்டி. அதிகாரி கோப்பைத் திறந்து முதல் பத்தியிலேயே 'கோயில்', 'பக்தர்கள்', 'பூஜை' என்று பார்த்தால், அவர் நல்லவராகவே இருந்தாலும் கையெழுத்துப் போட முடியாது.

அதற்காகப் பொய் எழுதச் சொல்லவில்லை, கோயிலை ஒளிக்கவும் வேண்டாம். பணம் எதற்குப் போகிறது என்பதைத்தான் பிரித்துக் காட்ட வேண்டும். 2011இல் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றமான கோன்சேய் தெத்தா தந்த ஒரு தீர்ப்பு இதற்கு நல்ல உதாரணம்: த்ரெலாசே என்ற ஊரின் நகராட்சி ஆர்கன் என்ற இசைக்கருவி ஒன்றை வாங்கி மாதா கோயிலுக்குள்ளேயே வைத்தது, கச்சேரிக்கும் இசை வகுப்புக்கும். அது செல்லும், ஆனால் வழிபாட்டுக்கு வாசித்தால் அதற்கான பங்கை வழிபாட்டுத் தரப்பு கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஆக, இடம் கோயிலாக இருப்பதாலேயே கோப்பு செத்துவிடாது.

எங்கள் முதல் வரைவில் இருந்த வாக்கியம் இது: "திருவிழாவை முன்னிட்டு பக்தகோடிகளுக்காகக் கூத்து நடத்தப்படும்." அனுப்பியது இது: "தீவின் பழைய நாடகக் கலை ஒன்று, ஊர் மக்கள் அனைவருக்கும் இலவசமாக, தமிழ் தெரியாதவர்களுக்குத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கதைச் சுருக்கத்துடன், அன்று பிற்பகல் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேஷம் கட்டும் பட்டறை." சொன்னபடி பட்டறையை நடத்தவும் வேண்டும், சும்மா எழுதிவைக்கக் கூடாது.

கோயிலை நடத்தும் சங்கமும் கூத்து நடத்தும் சங்கமும் தனித்தனியாக இருப்பதே நல்லது என்பது என் கட்சி. இரண்டிலும் அதே ஆட்கள் இருக்கலாம், வங்கிக் கணக்கு மட்டும் ஒன்றாக இருக்கக் கூடாது.

வரவு செலவு

இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு, இரண்டும் சென்டிம் பிசகாமல் சமமாக இருக்க வேண்டும். லாபம் காட்டினால் "அப்புறம் மானியம் எதற்கு?" என்பார்கள். வேஷத் துணி, அரிதாரம், ஒலிபெருக்கி வாடகை, காப்பீடு, வாத்தியாரின் சம்பளம் எல்லாம் வரலாம். பூ, கற்பூரம், பூசாரி தட்சணை, அன்னதானம் வரவே கூடாது, அதைக் கோயில் கணக்கில் வையுங்கள். மொத்தச் செலவையும் மேரி தலையிலேயே கட்டாதீர்கள். சந்தா, ரெஜியோன் (பிராந்திய மன்றம்), சொந்த வசூல் என்று வேறு வரவும் தெரியட்டும்.

அடியில் 86, 87 என்று இரண்டு வரிகள் இருக்கும், பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அக்காமார் உட்கார்ந்து கிரீடத்துக்கு ஜிகினா ஒட்டிய நேரம், யாரோ சும்மா கொடுத்த லாரி, மேரி இலவசமாகத் தந்த மண்டபம் எல்லாவற்றுக்கும் விலை போட்டு, ஒரே தொகையை இரண்டு பக்கமும் எழுத வேண்டும். கைக்குக் காசு வராது, ஆனால் உங்கள் பின்னால் எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்பது அதில்தான் தெரியும்.

கையெழுத்துப் பக்கத்தில் குடியரசு உறுதிமொழி ஒப்பந்தம் வரும், 2021 சட்டத்தால் வந்தது. படித்துவிட்டுப் போடுங்கள், மீறினால் மானியத்தைத் திரும்பக் கேட்க அதில் இடம் இருக்கிறது.

அனுப்பிய பிறகு

நகர மன்றம் ஓட்டுப் போட்டுத் தீர்மானமாக வரும்வரை எதுவும் உறுதியில்லை. யாரோ தேநீர் குடிக்கும்போது "பார்த்துக்கலாம்" என்று சொன்னதை நம்பி ஒலிபெருக்கிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பணம் சில சமயம் கூத்து முடிந்தபிறகுதான் வரும், கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 23,000 யூரோவுக்கு மேல் போனால் தனியே ஒப்பந்தம் எழுத வேண்டும், நம்மைப் போன்ற சின்னச் சங்கங்களுக்கு அந்தக் கவலை வராது.

பிற்சேர்க்கை: வாத்தியாருக்குக் கவரில் வைத்துக் கொடுத்தால் போதாதா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். போதாது. கூத்து உங்கள் சங்கத்தின் முக்கியத் தொழில் இல்லையென்றால் குசோ என்ற, கலைஞர்களை வேலைக்கு அறிவிக்கும் அரசுச் சேவை வழியாக அவரை வேலைக்கு எடுத்ததாக அறிவிக்க வேண்டும். சம்பளத்தோடு சமூகக் காப்பீட்டுத் தொகையும் சேரும் என்பதால், வரவு செலவு போடும்போதே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: தீபாவளி மேடைக்கு மானியம் வாங்கிய ஓர் அண்ணன், இடைவேளையில் சினிமாப் பாட்டுப் போடலாமா என்று கேட்டார். போடலாம், முன்கூட்டியே பாட்டு உரிமைத் தொகை வசூலிக்கும் சாசெம் அமைப்புக்கு அறிவித்துவிட்டு. அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள் அண்ணே. ஆண்டுக் கணக்கு முடிந்த ஆறு மாதத்துக்குள் செலவுக் கணக்கு அறிக்கை கொடுக்கும்போது தேவைப்படும். அதற்கான படிவம் செர்ஃபா 15059.