கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய்? மாதப் பெட்ரோல் கணக்கு

"இந்த மாசம் பெட்ரோலுக்கே மூவாயிரம் போச்சு" என்று அலுத்துக்கொள்பவரிடம், எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. நூறு ரூபாய்க்கு, இருநூறு ரூபாய்க்கு என்று போட்டுக்கொண்டே போகும் பழக்கம்தான் காரணம். போன பணம் தெரிகிறது, அதற்கு ஓடிய தூரம் தெரிவதில்லை. அது தெரியாதவரை, செலவு குறைந்தது டயரில் காற்றுப் பிடித்ததாலா, அந்த மாதம் லீவு நாள் அதிகம் வந்ததாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எனவே முதலில் அளவு, பிறகுதான் சிக்கனம். கீழே உள்ளது பெரும்பாலும் 100 முதல் 125 சிசி வரையிலான பைக், ஸ்கூட்டருக்கானது. காருக்கு வேறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

மைலேஜை அளப்பது

டேங்கை ஒருமுறை நிரப்புங்கள். வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். பம்ப் தானாக 'டக்' என்று நிற்கும் இடத்தோடு விட்டுவிடுங்கள், அதற்கு மேல் சொட்டுச் சொட்டாக ஏற்றச் சொல்லாதீர்கள். ஓடோமீட்டரில் உள்ள எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த முதல் நிரப்பில் போன லிட்டர் கணக்கில் சேராது.

அதன்பிறகு ஒவ்வொரு முறை போடும்போதும் லிட்டரை மட்டும் குறித்து வையுங்கள். இடையில் அரை டேங்க் போட்டாலும் பரவாயில்லை, எதையும் விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். மூன்றாவது அல்லது நான்காவது முறை, முடிந்தால் அதே பங்கில் அதே பம்பில், மறுபடி முழுதாக நிரப்பி ஓடோமீட்டரைப் பாருங்கள்.

எடுத்துக்காட்டாக, தொடக்கத்தில் 18,240 கி.மீ. பிறகு போட்டது 4.6, 5.1, 4.8 லிட்டர், மொத்தம் 14.5. கடைசி நிரப்பில் 18,921 கி.மீ. ஓடிய 681 கிலோமீட்டரை 14.5-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 47. பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 15 காசு.

ஒரே டேங்கில் ஏன் கணக்கை முடிக்கக் கூடாது? பம்ப் நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். கால் லிட்டர் முன்பின் போனால் ஐந்து லிட்டரில் அது 5 சதவீதப் பிழை. 47 கொடுக்கும் வண்டி 49 என்றும் காட்டும், 45 என்றும் காட்டும். மூன்று நான்கு நிரப்பைச் சேர்த்துப் பார்க்கும்போது நடுவில் வரும் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். முதல் நிரப்பின் பிழையும் கடைசி நிரப்பின் பிழையும் மட்டுமே மிஞ்சும். ரிசர்வ் விழுந்ததிலிருந்து அடுத்த ரிசர்வ் வரை பார்க்கும் பழைய முறை, ரிசர்வ் குழாய் உள்ள வண்டிகளில் சுமாராகச் சரிவரும். டிஜிட்டல் மீட்டரில் பங்க் படம் கண் சிமிட்டுவதை வைத்துக் கணக்குப் போட முடியாது. மேட்டில் ஏறும்போது அணைந்து, இறக்கத்தில் மறுபடி எரியும். காரின் திரையில் வரும் சராசரி மைலேஜும் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்.

மாதக் கணக்கு

தாம்பரத்திலிருந்து தி.நகருக்கு வேலைக்குப் போகிறவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு வழி ஏறக்குறைய 20 கி.மீ. மாதம் 24 நாள் என்றால் 960 கி.மீ., கடை, கோயில், பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் சேர்த்து இன்னொரு 200. ஆக 1,160 கி.மீ. லிட்டருக்கு 47 கொடுத்தால் 24.7 லிட்டர், சுமார் 2,490 ரூபாய். அதே வண்டி சரியான பராமரிப்பில்லாமல் 42-க்கு இறங்கினால் 2,790. இதே தூரத்தை ஊருக்குள் 14 கொடுக்கும் பெட்ரோல் காரில் ஓட்டினால் 8,370 ரூபாய்.

இந்த அளவு ஓட்டுகிறவருக்கு மைலேஜ் ஒரு கிலோமீட்டர் கூடினால் மாதம் சுமார் 50 ரூபாய் மிச்சம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பல விற்பனைப் பேச்சுகள் தானாகவே அடிபடும். டேங்கில் ஊற்றும் 300 ரூபாய் மருந்துப் பாட்டில், சொன்னபடி இரண்டு கிலோமீட்டர் கூட்டித் தந்தாலும் போட்ட காசை எடுக்க மூன்று மாதம் ஆகும். விலை கூடிய பிரீமியம் பெட்ரோலும் இப்படித்தான். வண்டிக் கையேடு அதைக் கேட்கவில்லையென்றால் சாதாரணப் பெட்ரோலே போதும்.

பஸ், ரயிலோடு ஒப்பிடும்போது பெட்ரோலை மட்டும் போட்டுப் பார்ப்பது பாதிக் கணக்கு. ஆயில், சர்வீஸ், டயர், செயின் தேய்மானத்துக்குக் கிலோமீட்டருக்கு 60, 70 காசாவது சேர்க்க வேண்டும்.

காற்று, பிரேக், செயின்

மைலேஜ் குறைந்தது என்றதும் கார்புரேட்டரையோ இன்ஜெக்டரையோ கழற்றச் சொல்வார்கள். அதற்கு முன் காசு செலவில்லாமல் பார்க்க வேண்டியவை மூன்று.

டயர் காற்று பதினைந்து நாளுக்கு ஒருமுறை. காலையில், வண்டி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதற்குள் பார்க்க வேண்டும். டயர் சூடானால் அளவு கூட்டிக் காட்டும். முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு என்பது செயின் கவரிலோ சீட்டுக்கு அடியிலோ ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். பின்னால் ஆள் உட்காரும்போது பின் டயருக்குத் தனி அளவு. பெட்ரோல் பங்குகளில் காற்று இலவசமாகக் கொடுக்க வேண்டும், தயங்காமல் கேளுங்கள். பஞ்சர் கடையில் எண்ணைச் சொல்லிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் இரண்டு டயருக்கும் நாற்பது ஏற்றி அனுப்புகிறவர்களும் உண்டு. காற்று அதிகமானால் மைலேஜ் கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து, மழையில் வழுக்கும். ஐம்பது ரூபாய் மிச்சத்துக்கு அந்த ஆபத்து வேண்டாம்.

அடுத்தது பிரேக். வண்டியை நியூட்ரலில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். சில சுற்று தாராளமாக ஓட வேண்டும். 'உர்ர்' என்று உரசி உடனே நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. இது அதிகம் நடப்பது பஞ்சர் போட்ட மறுநாளிலிருந்துதான். சக்கரத்தை மாட்டும்போது பிரேக் ராடின் நட்டைக் கூடுதலாக முறுக்கிவிடுவார்கள். பெடலை அழுத்தினால் முதல் 20, 30 மி.மீ. வெறுமையாக இறங்கி, பிறகுதான் பிடிக்க வேண்டும். அதற்கேற்ப நட்டைத் தளர்த்துங்கள். இன்னொன்று, வலது காலை எப்போதும் பிரேக் பெடல் மேல் வைத்தே ஓட்டும் பழக்கம். பின்னால் வருகிற நண்பரிடம், சிவப்பு விளக்கு சும்மாவே எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

செயின் தொங்கினால் தெரியும், இறுகியிருந்தால் தெரியாது. மைலேஜைத் தின்பதும் பேரிங்கைக் கெடுப்பதும் இறுகிய செயின்தான். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் ஆட்டினால் மேலும் கீழுமாக 20 முதல் 30 மி.மீ. அசைய வேண்டும், சரியான அளவைக் கையேட்டில் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றி நான்கைந்து இடத்தில் சோதியுங்கள், ஓரிடத்தில் மட்டும் இறுகினால் செயின் சமமாகத் தேயவில்லை, மாற்றும் காலம் வந்துவிட்டது. இறுக்கும்போது இருபக்கமும் அட்ஜஸ்டர் கோடுகள் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும் மழையில் நனைந்த பிறகும் '90' என்ற எண் போட்ட கியர் ஆயில் விடுங்கள். எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு ஆயில் வேண்டாம், அதிலுள்ள உலோகத்தூள் செயினைத் தேய்க்கும்.

ஸ்கூட்டருக்குச் செயின் கிடையாது, உள்ளே பெல்ட்டும் ரோலரும். முறுக்கினால் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் ரோலர் தட்டையாகிவிட்டது அல்லது பெல்ட் தேய்ந்துவிட்டது என்று பொருள். 20,000 கிலோமீட்டர் தாண்டிய ஸ்கூட்டரில் மைலேஜ் மெல்ல மெல்ல இறங்கினால் முதல் சந்தேகம் இங்கேதான்.

ஏர் ஃபில்டரில் நடக்கும் ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். இன்றைய பல பைக், ஸ்கூட்டர்களில் இருப்பது எண்ணெய்ப் பசையூட்டிய காகித ஃபில்டர். காற்றடித்துச் சுத்தம் செய்தால் அந்தப் பசை போய், தூசி நேராக எஞ்சினுக்குள் போகும். அதைச் சுத்தம் செய்யாமல், கையேடு சொல்லும் கிலோமீட்டரில் மாற்றத்தான் வேண்டும். செங்கல் சூளை, கல்குவாரிப் பக்கம் ஓடும் வண்டி என்றால் அதற்கும் முன்பே.

பங்கில்

விலை 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் காலை 6 மணிக்கு நிர்ணயிக்கப்படுகிறது. மீட்டரில் பூஜ்யத்தோடு அன்றைய லிட்டர் விலையையும் பாருங்கள். 100-க்குப் பதில் 110 ரூபாய்க்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்பது வெறும் நம்பிக்கை. பம்ப் அளப்பது லிட்டரை, ரூபாய் அதிலிருந்து வரும் கணக்கு. அதிகாலையில் போட்டால் பெட்ரோல் கெட்டியாக இருக்கும் என்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். ஐந்து டிகிரி வித்தியாசம் என்று வைத்தாலும் ஐந்து லிட்டருக்கு 25 மில்லி, அதாவது இரண்டரை ரூபாய். தரைக்கு அடியில் புதைத்த டேங்கில் காலைக்கும் மாலைக்கும் இடையே அந்த ஐந்து டிகிரியும் மாறாது.

அளவில் உண்மையான சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக் கலத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லா பங்கிலும் அது இருக்க வேண்டும், கேட்பது உங்கள் உரிமை. ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக்குறைய இருக்கலாம். அதற்கு மேல் குறைந்தால் புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைக் கவனிப்பது தொழிலாளர் துறை.

மைலேஜ் குறைவுக்கு எத்தனாலும் ஒரு காரணம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய வடிவமைப்பு வண்டிகளில் மைலேஜ் எவ்வளவு குறையும் என்பதற்கு நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை சொன்ன மதிப்பீடு, இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதம், கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம். 50 கொடுத்த பைக் 48 கொடுத்தால் மெக்கானிக்கைக் குறை சொல்ல வேண்டாம். 42 கொடுத்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்பதால் மழைக்காலத்தில் டேங்க் மூடியின் ரப்பரைப் பாருங்கள், வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

ஓட்டும் விதம்

100 சிசி பைக்குக்கு 40 முதல் 50 கி.மீ. சீரான வேகமே சிக்கனம். 70-ஐத் தாண்டினால் காற்றைத் தள்ளவே பெட்ரோல் போகும். டாப் கியரில் 20-க்கு இறங்கி எஞ்சின் இடிக்கும்போது முறுக்குவதும் நஷ்டம், கியரைக் குறையுங்கள். சிக்னலில் அரை நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் அணைத்துவிடுங்கள். காலையில் முதல் மூன்று நான்கு கிலோமீட்டர் எஞ்சின் சூடாகும்வரை பெட்ரோல் கூடுதலாகத்தான் போகும். அதனால் பால், காய்கறி, பேங்க் என்று மூன்று தடவை எடுப்பதைவிட ஒரே சுற்றில் முடிப்பது நல்லது. அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடைக்கு நடந்தே போகலாம்.

காரில் இதோடு கிளட்ச் மேல் கால் வைத்து ஓட்டுவது, டிக்கியில் மாதக்கணக்காகக் கிடக்கும் சுமை, வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஏசியை முழு வேகத்தில் போடுவது ஆகியவையும் சேரும். முதலில் கண்ணாடிகளை இறக்கி இரண்டு நிமிடம் சூட்டை வெளியே விடுங்கள்.

கிலோமீட்டரைக் குறைப்பது

மேலே சொன்ன அத்தனையும் செய்து 42-லிருந்து 47-க்கு வந்தால் மிச்சம் 300 ரூபாய். அதே தாம்பரத்துக்காரர் மாதத்தில் 12 நாள் மட்டும் புறநகர் ரயிலில் போனால்? வீட்டிலிருந்து ஸ்டேஷன் 3 கி.மீ. என்றால் நாளைக்கு 40-க்குப் பதில் 6 கி.மீ. தான் வண்டி ஓடும். 12 நாளில் 408 கி.மீ. குறைகிறது, பெட்ரோலில் மட்டும் 877 ரூபாய். ஒரு டிக்கெட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் 240 போக 637 ரூபாய் கையில் நிற்கும். ஸ்டேஷனில் வண்டி நிறுத்தும் கட்டணத்தை அதில் கழித்துக்கொள்ளுங்கள். தினமும் ரயில் என்றால் சீசன் டிக்கெட் இன்னும் மலிவு.

பஸ் வழித்தடம் ஒத்துவந்தால் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 1,000 ரூபாய் மாதப் பாஸில் ஏசி அல்லாத பஸ்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். ஏசி பஸ்ஸும் சேர்ந்தது 2,000 ரூபாய். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் 2021 மே முதல் கட்டணமே இல்லை. இருவர் வேலைக்குப் போகும் வீட்டில் யார் வண்டியை எடுப்பது என்று முடிவு செய்யும்போது இதையும் கணக்கில் சேருங்கள்.

குறிப்பு நோட்டைப் படிப்பது

மூன்று மாதக் கணக்கு சேர்ந்ததும் மைலேஜ் எப்படி இறங்கியது என்று பாருங்கள். ஒரே வாரத்தில் சட்டென்று இறங்கியிருந்தால் அந்த வாரம் யார் வண்டியைத் தொட்டார்கள் என்று யோசியுங்கள். பஞ்சர், பிரேக் ஷூ மாற்றம், கேபிள் மாற்றம் எல்லாம் சந்தேக வரிசையில் வரும். பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் சோக் இழுத்தபடி நிற்கிறதா என்றும் பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டியில் எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் சென்சார் கோளாறாக இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். மாதாமாதம் ஒவ்வொரு கிலோமீட்டராக இறங்கினால் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பெல்ட், கிளட்ச் பிளேட் போன்ற தேய்மானம். சர்வீஸுக்கு விடும்போது 'மைலேஜ் இல்லை' என்று மொட்டையாகச் சொல்லாமல், 47 கொடுத்தது இப்போது 42 கொடுக்கிறது என்று எண்ணைச் சொல்லுங்கள். வண்டி திரும்பி வந்ததும் அதே பம்பில் முழு டேங்க் போட்டு, புதுப் பக்கத்தில் ஓடோமீட்டர் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.