தனியில் எழுந்து போகாதீர்கள்

மார்கழி சீசனை ஒரு வருடமாவது முழுசாகப் பார்த்துவிடுவது என்று முடிவுகட்டிய அந்த டிசம்பரில், சபாக்களின் நிகழ்ச்சிப் பட்டியலைப் பரப்பி வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். காலை எட்டு மணிக்கு மியூசிக் அகாடமியில் லெக்டெம், அதாவது பாடிக் காட்டியபடி நடக்கும் விளக்க உரை. பன்னிரண்டுக்கு ஒரு கச்சேரி. நாலுக்கு ஒன்று. ஆறரைக்கு இன்னொன்று. ஆழ்வார்பேட்டையிலிருந்து தி.நகர், அங்கிருந்து மயிலாப்பூர் என்று பாதி நாள் ஆட்டோவிலேயே போனது. ஐந்தாம் நாள் காலை பக்கத்து வீட்டு மாமா, "நேத்து என்ன மெயின்?" என்று கேட்டார். பிரதானமாகப் பாடிய ராகம் தோடியா, காம்போதியா? யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. கேன்டீனில் சாப்பிட்ட கீரை வடை மட்டும் நன்றாக நினைவிருந்தது.

கச்சேரியோ, கூத்தோ, சிலைக்கூடமோ, நாம் செய்யும் தவறுகளைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் அடியில் இதுதான் கிடக்கும்: எத்தனை பார்த்தோம் என்ற கணக்கு. கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுக் கிளம்புகிறவர்போல, தலையைக் காட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடுகிறோம். ஒரு நாளைக்கு ஒரு கச்சேரி போதும். ரொம்ப ஆசையாக இருந்தால் மதியம் ஒன்று, மாலை ஒன்று. நடுவில் இரண்டு மணி நேரமாவது காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

மதியம் என்று சொன்னதும் இன்னொரு தவறும் நினைவுக்கு வருகிறது. பெரிய பேர்களை மட்டும் துரத்துவது. மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்காமல், கிடைத்தாலும் பால்கனி மூலையில் உட்கார்ந்து, மேடையில் இருப்பவர் எறும்பளவு தெரிய, "கேட்டாச்சு" என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய. பெரும்பாலான சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்கு அனுமதி இலவசம். வளர்ந்து வரும் பிள்ளைகள் பாடுவார்கள். அரங்கில் கால்வாசிதான் நிரம்பியிருக்கும். முன்வரிசையில் போய் உட்காரலாம். பாடகர் ஆலாபனையில், அதாவது வார்த்தையில்லாமல் ராகத்தை விரிக்கும்போது, ஒரு பிடியைப் பிடித்து நிறுத்தும்போது வயலின்காரர் அதன் வால்நுனியை மட்டும் மெல்லத் தொட்டு இழுப்பார் பாருங்கள், அதைக் கண்ணால் பார்க்க அந்தத் தூரம் வேண்டும். கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் கும்கி என்கிற ஆழ்ந்த ஒலியை மாற்றுவதும் அப்படித்தான்.

இனி தலைப்புக்கு வருகிறேன்.

இன்று நாம் கேட்கும் கச்சேரி முறையை வகுத்துக் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்பார்கள். வர்ணத்தில் ஆரம்பித்து, சின்னச் சின்னக் கிருதிகளாக வேகம் கூட்டி, மெயின் உருப்படிக்கு வந்து, அதில் ராகம், நிரவல் (ஒரே வரியை விதவிதமாகப் பாடுவது), கல்பனாஸ்வரம் (மனம்போலக் கோக்கும் ஸ்வரங்கள்) எல்லாம் விரித்து, பிறகு மேடையைத் தாளவாத்தியக்காரர்களிடம் விட்டுவிடுவது. அதுதான் தனி ஆவர்த்தனம், சுருக்கமாகத் தனி. பாடகர் வாயை மூடிக்கொண்டு தாளம் மட்டும் போடுவார். அந்த நொடியில் அரங்கில் ஒரு சலசலப்பு கேட்கும். நாற்காலிகள் படபடவென மடங்கும். பாதிப் பேர் காபிக்குக் கிளம்புவார்கள். மிருதங்கக்காரர் இரண்டு மணி நேரமாக அடுத்தவருக்கு வாசித்துவிட்டு, தனக்கென்று கிடைத்த பத்துப் பதினைந்து நிமிடத்தை நம் முதுகுகளைப் பார்த்தபடி தொடங்க வேண்டும்.

எழுந்து போகிறவர்களைக் கேட்டால் "கணக்கு புரியலை" என்பார்கள். நியாயம்தான், எனக்கும் வெகுகாலம் புரியவில்லை. ஒரு தரம் பக்கத்தில் இருந்த பாட்டி வழி சொல்லிக் கொடுத்தார். "கையை மட்டும் விடாதே" என்றார், அவ்வளவுதான். ஆதி தாளம் என்றால் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. இதைத் தொடையில் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டே இருங்கள். மிருதங்கம் எங்கெங்கோ போகும். உங்கள் கணக்கு தப்பிவிட்டதுபோல இருக்கும். தப்பினால் மேடையில் பாடகரின் கையைப் பார்த்துத் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். முதலில் மிருதங்கம் நீளமாக வாசிக்கும், அடுத்து கடமோ கஞ்சிராவோ பதில் சொல்லும். பிறகு குறைப்பு: ஆளுக்கு வாசிக்கும் அளவு பாதி, அதில் பாதி என்று சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் இருவரும் ஒருவர் வாயிலிருந்து மற்றவர் சொல்லைப் பிடுங்குவதுபோல ஆகிவிடும். அதன் பின் இருவரும் சேர்ந்து, முடிவைக் கட்டும் தாளக் கோப்புகளான மோரா, கோர்வை. கோர்வை மூன்று தரம் வரும். மூன்றாவது தரம் முடியும் இடத்தில், காணாமல் போயிருந்த பாட்டின் வரியைப் பாடகர் சரியாக எடுப்பார் பாருங்கள், உங்கள் விரலும் அதே இடத்தில் வந்து விழுந்தால் உடம்பு சிலிர்க்கும். கேன்டீனில் அந்த நேரத்தில் கிடைக்கும் காபி அவ்வளவு நன்றாகவும் இருக்காது. கூட்டம் அப்போதுதானே வருகிறது.

போயே ஆக வேண்டுமென்றால், ஒரு உருப்படி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் போங்கள். கோர்வையின் நடுவில் முட்டியை இடித்துக்கொண்டு வரிசையைத் தாண்டுகிறவரைத்தான் யாராலும் மன்னிக்க முடிவதில்லை.

ராகம் தெரியாமல் கச்சேரிக்குப் போகலாமா என்று தயங்குவது ஒரு தவறு. ராகம் தெரிந்துவிட்டால் கேட்டது முடிந்துவிட்டது என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. ஆலாபனை ஆரம்பித்து அரை நிமிடம் ஆகாது, பக்கத்து இருக்கையில் "பைரவி... இல்ல, மாஞ்சி..." என்று கிசுகிசுப்பு கேட்கும். விடை கிடைத்ததும் அவர் போனை எடுத்துவிடுவார். பரீட்சையில் முதல் கேள்விக்கு விடை எழுதிவிட்டு எழுந்து வருவதுபோலத்தான். பெயரை வீட்டுக்குப் போய்த் தெரிந்துகொள்ளலாம், அப்போதைக்குப் பாடகர் எந்த ஸ்வரத்தில் வந்து வந்து நிற்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.

சின்ன விஷயங்கள் சில. சபாக்களில் ஏசி குளிர் கடுமையாக இருக்கும். சென்னைதானே என்று போகாமல் ஒரு சால்வை கொண்டுபோங்கள். கச்சேரிக்கு முன்னால் இலை போட்டு அக்காரவடிசல்வரை சாப்பிட்டால் வர்ணம் முடியும் முன்பே தூங்கிவிடுவீர்கள், கச்சேரி முடிந்து சாப்பிடுங்கள். போனில் படம் எடுக்காதீர்கள் என்பதை இனியும் யாராவது சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா தெரியவில்லை.

திருவையாறு போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. தியாகராஜ ஆராதனை ஆங்கிலத் தேதிப்படி வருவதில்லை. புஷ்ய பகுள பஞ்சமியில், அதாவது புஷ்ய மாதத்துத் தேய்பிறை ஐந்தாம் திதியில் வரும். போன வருடத் தேதியைப் பார்த்து ரயில் டிக்கெட் போட்டு ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். அங்கே போய்ப் பிரபலங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதும் வீண். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகத்தில் பஞ்சரத்ன கீர்த்தனைகளைக் காவிரிக்கரையில் கூட்டமாகச் சேர்ந்து பாடுவார்கள். கையில் ஒரு பாட்டுப் புத்தகம் இருந்தால் நீங்களும் பாடலாம். சுருதி சேரவில்லை என்றால் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

கூத்துக்கு வந்தால் கதை வேறு. வட மாவட்டங்களில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசை இந்தக் கலைக்குப் பேர்போன ஊர். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, இரவு ஏழு மணிக்கே போய் நிற்பது. பத்து மணிக்குமேல்தான் களைகட்டும். இரண்டாவது, பன்னிரண்டு மணிக்குக் கொட்டாவி விட்டு வண்டியைக் கிளப்புவது. அதுவரை நீங்கள் பார்த்தது கோமாளியான கட்டியக்காரனின் கேலியும் ஒன்றிரண்டு வேஷங்களின் வருகையும்தான். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்து நிற்பார்கள், திரைக்குப் பின்னால் கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும், சலங்கைச் சத்தம் கேட்கும், முகவீணை என்ற ஊதுகுழல் கிறீச்சிடும், ஆனால் ராஜா வரமாட்டார். தான் யார், எப்பேர்ப்பட்டவன் என்றெல்லாம் பாடி முடித்துத்தான் திரை விலகும். சினிமா பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது இழுவையாகத் தெரியும். அந்த இழுவைக்குப் பழகிக்கொண்டால்தான் விடிகாலை மூன்று மணிக்குத் துகிலுரியும் காட்சி வரும்போது உங்களுக்கும் தொண்டை அடைக்கும்.

ஒரு போர்வையும் ஒரு ஃபிளாஸ்கும் எடுத்துப் போங்கள். தூக்கம் வந்தால் அங்கேயே பாயில் சாய்ந்துகொள்ளலாம், முன்னால் இருக்கிற குழந்தைகள் எல்லாம் அப்படித்தான் கிடக்கும். நடுவில் தூங்கி எழுந்து பார்ப்பதும் கூத்து பார்ப்பதில் சேர்த்திதான். முடிகிற நாள் காலையில் படுகளம் இருக்கும். தரையில் மண்ணால் பிரமாண்டமாகத் துரியோதனனைப் படுக்கவைத்திருப்பார்கள். பீமன் வேஷக்காரர் அதன் தொடையில் அடிக்க, திரௌபதி கூந்தல் முடிவாள். இரவெல்லாம் உட்கார்ந்துவிட்டு, இதற்கு இல்லாமல் பஸ் ஏறிவிடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஒன்று நினைவில் இருக்கட்டும்: ஊர்க்காரர்களுக்கு இது நேர்த்திக்கடன். சாமி வந்து ஆடுகிறவர்களின் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள்.

கடைசியாக அருங்காட்சியகம். எழும்பூர் மியூசியத்தைப் பழைய மெட்ராஸ்வாசிகள் "செத்த காலேஜ்" என்பார்கள். மிருகக்காட்சி சாலை "உயிர் காலேஜ்". மியூசியம் 1851ல் தொடங்கியது. வெளியூரிலிருந்து வந்த சித்தியை அழைத்துக்கொண்டு ஒரு தரம் ஆசையாகப் போனேன், கேட் பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை. அங்கே விடுமுறை நாள் அதுதான், ஞாயிறு இல்லை. சித்தி இன்றுவரை சொல்லிக்காட்டுவார்.

திறந்திருக்கும் நாளில் போகிறவர்கள் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டில் தொடங்கி, கல்வெட்டு, நாணயம், அமராவதிச் சிற்பம் என்று சுற்றிக் கால் கெஞ்சும் நேரத்தில் வெண்கலச் சிலைக் கூடத்துக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே எல்லாச் சிலைகளுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம். நான் சொல்வது, நேராக அங்கே போய்விடுங்கள். அதிலும் நாலைந்து சிலை போதும். இவை உற்சவ மூர்த்திகள். கோயிலில் பட்டும் மாலையும் மூடி, முகமும் கையும் மட்டும்தான் நமக்குத் தெரியும். சிற்பி செய்த முழு உடலையும் நாம் பார்க்கக்கூடிய இடம் மியூசியம்தான். அங்கே போயும் பெயர்ப் பலகையைப் படித்து, முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தால் என்ன பிரயோசனம்?

பெயர்ப் பலகையைக் கடைசியில் படியுங்கள். முதலில் சிலையைச் சுற்றி வாருங்கள். கீழே பீடத்தில் துளைகள் இருக்கும், கழி செருகித் தோளில் தூக்கிப் போவதற்கு. பின்னால் போனால் தோளில் விழும் சுருள்முடியும் இடுப்பு முடிச்சும் முன்பக்கம்போலவே சீராக இருக்கும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைச் செய்து, வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அச்சு ஒருமுறையோடு சரி, இரண்டாவது பிரதி கிடையாது. சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள். இது தெரிந்தபின் பார்த்தால் ஒவ்வொரு விரலும் வேறு மாதிரி தெரியும்.

எழும்பூரில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். சுற்றித் திருவாசி என்ற நெருப்பு வளையம் இல்லை, அதனால் கண் நேரே உடம்புக்குப் போகும். காலடியில் கிடக்கும் குள்ள அசுரன் முயலகன்மேல் ஊன்றிய வலது காலில் மொத்த எடையும் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரி முன்னால் நின்று கைகளை எண்ணுங்கள். மூன்று. ஆண் பாதிக்கு இரண்டு, பெண் பாதிக்கு ஒன்று. நான் அதை நாலாவது முறை போனபோதுதான் கவனித்தேன்.

அதே திருவெண்காட்டிலிருந்து கிடைத்த இன்னொரு சிவன் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கிறார், 1011ல் செய்தது. ரிஷபவாகனர் என்று பெயர், ஆனால் ரிஷபம் இல்லை. அது எப்போதோ தொலைந்துவிட்டது. பாம்பு சுற்றிய தலைப்பாகைக் கொண்டை, ஒருக்களித்த இடுப்பு, ஒரு காலை லேசாக மாற்றி வைத்த நிலை. வலது கை மட்டும் முழங்கையில் மடிந்து, காற்றில் எதன்மேலோ சாய்ந்திருக்கும். அந்தக் கைக்குப் பக்கவாட்டில் போய் நின்றுகொண்டு, மாட்டின் திமில் எவ்வளவு உயரத்தில் இருந்திருக்கும் என்று கொஞ்ச நேரம் பாருங்கள்.