மண்டைக்குள் ஓயாத காவல்: நிம்மதியில்லாத வீட்டில் வளர்ந்தவர்கள் ஓவர்திங்கிங்கை எப்படிக் குறைப்பது

ராத்திரி பத்து மணிக்கு மேலதிகாரி "நாளைக்குக் கொஞ்சம் பேசணும்" என்று ஒரு வரி அனுப்புகிறார். சிலர் "சரி" என்று பதில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். நீங்களோ அந்த வரியைப் பத்துத் தடவை படித்து, எப்போதும் போடும் சிரிப்பு முகத்தை இன்று ஏன் போடவில்லை என்று குழம்பி, போன வாரம் மீட்டிங்கில் சொன்ன ஒரு வார்த்தையைத் தோண்டி எடுத்து, வேலை போனால் வாடகைக்கு என்ன செய்வது என்பது வரை போய்விடுவீர்கள். மணி இரண்டாகியிருக்கும். மறுநாள் பார்த்தால் அவர் கேட்க நினைத்தது லீவு தேதி. எனக்குப் பல வருடம் இப்படியே போயிற்று, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வளர்ந்த வீட்டில் சாவி பூட்டுக்குள் நுழையும் சத்தத்தைக் கவனிக்க வேண்டும். ஒரே திருகில் கதவு திறந்தால் அன்றைய இரவு பரவாயில்லை. சாவி இரண்டு மூன்று முறை பூட்டின் மேல் உரசினால் அப்பா குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். உடனே புத்தகத்தை மூடி, விளக்கை அணைத்து, தம்பியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு தூங்குவது போலப் படுத்துவிட வேண்டும். எட்டு வயதில் எனக்கு வாய்ப்பாட்டை விட இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். உங்கள் வீட்டில் அது வேறு ஏதாவதாக இருந்திருக்கலாம். நாள் கணக்கில் பேசாமல் இருக்கும் அம்மா, எதற்கு எப்போது வெடிப்பார் என்று தெரியாத அப்பா, எது செய்தாலும் குறை, இல்லை என்றால் யாருமே உங்களைக் கவனிக்காத ஒரு வெறுமை. அங்கே எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து வைத்த குழந்தைக்கு அடி குறைந்தது, திட்டு குறைந்தது. ஆக இந்த அதிக யோசனை உங்கள் புத்தியின் கோளாறு இல்லை. உங்களைக் காப்பாற்றுவதற்காக நீங்களே ஏற்றுக்கொண்ட காவல் வேலை அது, ஆபத்து போன பிறகும் யாரும் வந்து "போதும், நீ போய்த் தூங்கு" என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் மட்டும் இப்படி இல்லை. வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவர்களின் குழுவினர் அமெரிக்காவில் 9,500க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சின்ன வயது அனுபவங்களைக் கேட்டு 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டில் குடி, அம்மாவுக்கு அடி, தொடர்ந்த அவமதிப்பு, இப்படி ஏதாவது ஒன்றாவது இருந்தது என்று சொன்னவர்கள் பாதிக்கும் மேல். ஒருவருக்கு இப்படிப்பட்ட அனுபவங்களின் எண்ணிக்கை கூடக் கூட, வளர்ந்த பிறகு மனச்சோர்வு போன்ற பிரச்சினைகளும் கூடியிருந்தன. பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டே வளர்ந்தவர்களுக்கு இது தெரிவதே ஒரு ஆறுதல்.

சரி, என்ன செய்யலாம்? முதலில், "யோசிக்காதே" என்று உங்களை நீங்களே அதட்டுவதை விடுங்கள். மருந்து சாப்பிடும்போது குரங்கை நினைக்காதே என்று சொன்னால் குரங்குதான் வந்து நிற்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே, அதையே டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல் சோதித்துப் பார்த்தார். வெள்ளைக் கரடியை ஐந்து நிமிடம் நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொன்னார், கரடி திரும்பத் திரும்ப வந்தது. அதைவிட முக்கியம், அப்புறம் தாராளமாக நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே அனுமதிக்கப்பட்டவர்களை விட இவர்களுக்கு அது கூடுதலாக வந்தது. அடக்கினால் பிறகு கூடும்.

அதனால் கவலைக்கு ஒரு நேரம் கொடுங்கள். எனக்கு அதிகம் உதவியது இதுதான், எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தாமஸ் போர்க்கவெக் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 1983இல் இதைச் சோதித்தார்கள்: தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரம் உட்கார்ந்து கவலைப்பட வேண்டும். மற்ற நேரத்தில் கவலை தலைகாட்டினால் அந்த அரை மணிக்குத் தள்ளிப் போட வேண்டும். நான்கு வாரத்தில் கவலைப்படும் நேரம் குறைந்தது. நீங்கள் சாயந்திரம் ஆறு ஆறரை போல ஒரு நேரத்தைப் பிடியுங்கள். படுக்கையில் வேண்டாம், தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் வேண்டாம். பகலில் ஏதாவது மண்டையைக் குடைந்தால் ஒரு சின்ன நோட்டில் ஒரே வரி: "மீட்டிங்கில் அவர் என்னைப் பார்க்கவே இல்லை." எழுதிவிட்டுக் கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். ஐந்து நிமிடத்தில் மறுபடி வரும், மறுபடி தள்ளுங்கள். முதல் வாரம் ஒரு நாளைக்கு நாற்பது தடவை தள்ள வேண்டியிருக்கும், சலிப்பாக இருக்கும், தோற்றுவிட்டோம் என்று தோன்றும். அப்படி இல்லை, ஒவ்வொரு தடவை தள்ளுவதும் பயிற்சிதான். ஆறு மணிக்கு நோட்டைத் திறந்தால் பாதி வரிகளுக்கு என்ன கவலைப்பட்டோம் என்பதே மறந்திருக்கும். மீதி இருப்பதை மனதார, தடையில்லாமல் கவலைப்படுங்கள். நேரம் முடிந்ததும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள்.

அதே நோட்டில் இன்னொன்றும் செய்யலாம். என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதைச் சரிபார்க்கக்கூடிய மாதிரி எழுதுங்கள்: "வெள்ளிக்கிழமைக்குள் என்னை வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள்." வெள்ளிக்கிழமை வந்ததும் பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தீராத கவலை நோய் உள்ள 29 பேரை இப்படிப் பதிவு செய்ய வைத்து 2020இல் வெளியிட்டார்கள். சரிபார்க்க முடிந்த கவலைகளில் நூற்றுக்கு 91 நடக்கவே இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் உங்கள் கையெழுத்தில் உங்கள் கணக்கு இருந்தால் அதை விடப் பெரிய சாட்சி வேண்டாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று யார் சொன்னாலும் நம்மால் நம்ப முடியாது, இரண்டு மாத நோட்டைப் புரட்டினால் கொஞ்சம் நம்ப முடியும்.

இந்த நோட்டு எல்லாம் நாளை பற்றிய பயத்துக்கு. நேற்று நடந்ததையே அசைபோடுவது வேறு. அதற்கு எட்வர்ட் வாட்கின்ஸ் என்ற உளவியலாளரின் வழி நன்றாக உதவுகிறது: "ஏன்" என்ற கேள்வியை விட்டு "எப்படி", "எப்போது", "அடுத்து என்ன" என்று கேட்பது. "நான் ஏன் இப்படி இருக்கிறேன், அவள் ஏன் அப்படிப் பேசினாள்" என்பதற்கு இரவு முழுக்க யோசித்தாலும் பதில் கிடைக்காது. "அவள் என்ன வார்த்தை சொன்னாள், அதற்கு முன்னால் நான் என்ன சொன்னேன், நாளைக்கு அவளிடம் எதைக் கேட்கலாம்" என்று கேட்டால் ஒரு பதில் வரும். பத்து நிமிடம் யோசித்தும் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலைகூடக் கிடைக்கவில்லை என்றால் நீங்கள் யோசிக்கவில்லை, அசைபோடுகிறீர்கள். அப்போது உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள்.

உடம்பு பதறிக்கொண்டிருக்கும்போது இதெல்லாம் நடக்காது. வயிற்றில் புளியைக் கரைக்கிறது, தோள் காது வரைக்கும் ஏறியிருக்கிறது என்றால் முதலில் மூச்சு. இழுப்பதை விட விடுவதை நீளமாக்கி இரண்டு மூன்று நிமிடம். அப்புறம் நோட்டு.

இன்னொரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இது கூட இருப்பவர்களையும் வதைக்கிறது. "என் மேல் கோபமா?", "நிஜமாவே ஒன்றும் இல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது, அனுப்பிய செய்தியை நாலு தடவை திறந்து படிப்பது, நீலக் குறி விழுந்ததா என்று பார்ப்பது. கேட்டவுடன் ஒரு நிம்மதி வரும், பத்து நிமிடம் இருக்கும், அவ்வளவுதான். ஒரே தடவை நேராகக் கேளுங்கள், வந்த பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை கேட்கத் தோன்றும்போது இருபது நிமிடம் தள்ளிப் போடுங்கள். முக்கியமில்லாத ஒரு செய்தியைத் திரும்பப் படிக்காமல் அனுப்பிப் பாருங்கள். கை நடுங்கும். தெரியாத ஒன்றோடு கொஞ்ச நேரம் இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று உடம்பு கற்றுக்கொள்வது இப்படித்தான், படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

உங்களிடமே பேசும் தொனியையும் கவனியுங்கள். தலைக்குள் திட்டும் குரல் பெரும்பாலும் அந்த வீட்டிலிருந்து வந்த குரல்தான், வார்த்தைகள் கூட அதேதான். உங்கள் பெயரைச் சொல்லி, ஒரு நண்பரிடம் பேசுவது போலப் பேசிப் பாருங்கள். "நான்" என்பதற்குப் பதிலாகத் தன் பெயரைச் சொல்லி யோசிக்கும்போது பதற்றம் குறைகிறது என்று ஈதன் க்ராஸ் என்ற உளவியலாளரின் குழு செய்த 2014ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின. முதலில் கூச்சமாக இருக்கும். வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இவை எல்லாம் ஆபத்து முடிந்துபோனவர்களுக்கு. இன்றும் உங்களை அடிக்கிற, மிரட்டுகிற ஒருவரோடு இருக்கிறீர்கள் என்றால் உங்கள் பயம் பழைய பழக்கம் இல்லை, அது உண்மையைச் சொல்கிறது. மூச்சுப் பயிற்சிக்கு முன்னால் பாதுகாப்பான இடமும் நம்பகமான ஓர் ஆளும் வேண்டும். அடி இல்லை, ஆனால் அந்த வீட்டோடு போனில் பேசினாலே இரண்டு நாள் தூக்கம் போகிறது என்றால் பேசும் நேரத்தை முன்பே முடிவு செய்யுங்கள், பதினைந்து நிமிடம் என்றால் பதினைந்துதான். பேசி முடித்ததும் நடக்கப் போங்கள். அன்றைக்குக் கவலை கூடுதலாக வந்தால் முன்னேற்றம் எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், எனக்கு இன்றும் அப்படி நாட்கள் வருகின்றன.

தூக்கம் வாரக் கணக்கில் கெட்டுப்போனால், வேலையோ உறவோ பாதிக்கப்பட்டால், பழைய காட்சிகள் கண்முன்னே வந்து ஆட்டினால் உளவியல் ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். செத்துப் போகலாம் என்ற எண்ணம் வந்தால் தள்ளிப் போடாதீர்கள், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி உதவி தேடுங்கள். ஆலோசகரிடம், சின்ன வயதுப் பாதிப்புகளோடு வேலை செய்த அனுபவம் உண்டா, அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (CBT, யோசிக்கும் விதத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் பேச்சு சிகிச்சை) தெரியுமா என்று நேராகவே கேட்கலாம். முதல் ஆள் சரிப்படவில்லை என்றால் மாற்றலாம், அவர் வருத்தப்படுவாரோ என்று நீங்கள் யோசிப்பீர்கள், தெரியும், இருந்தாலும் மாற்றலாம். முதல் நாள் போகும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் வாய் அடைத்துப் போனால், அதைத் திறந்து அவர் கையில் கொடுத்தால் போதும்.