நாய்க்கு ஊசி போடும்போது: வாய்க்கட்டும் பிடியும்

கால்நடை மருந்தகத்தில் நாய் பெரும்பாலும் பயத்தில்தான் கடிக்கிறது. வாலைக் காலிடுக்கில் செருகி, கண்ணின் வெள்ளை தெரியத் திரும்பிப் பார்த்தால் அடுத்தது கடிதான். டாக்டர் கிட்டே வருமுன் வாயைக் கட்டுங்கள்.

பழைய கைலியில் இரண்டு விரல் அகலம், நான்கடி நீளம் கிழித்தால் போதும். பாம்பன், தொண்டி போன்ற கடலோர ஊர்களில் சட்டென்று கைக்குக் கிடைப்பது வலைக்கயிறு. அது வேண்டவே வேண்டாம். நைலான் தோலை அறுக்கும், முடிச்சும் வழுக்கும்.

நடுவில் பெரிய வளையம் போட்டு, பக்கவாட்டில் நின்று மாட்டுங்கள். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே, முடிச்சு மேலே வர இறுக்குங்கள். மூக்கு நுனிக்கு இறங்கினால் மூச்சு அடைக்கும். இரு நுனிகளையும் தாடைக்கடியில் ஒருமுறை முடிந்து, காதுக்குப் பின்னால் பிடரியில் கட்டுங்கள். பலரும் இந்தப் பிடரிக் கட்டை விட்டுவிடுகிறார்கள். நாய் முன்னங்காலால் ஒரே இழுப்பில் உருவிப் போட்டுவிடும். பிடரியில் போடும் முடிச்சு ஷூ லேஸ் போல இழுத்ததும் அவிழும் உருவு முடிச்சாகவே இருக்கட்டும்.

முடிச்சு சட்டென்று அவிழ வேண்டியதற்குக் காரணம் சூடு. நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை இறக்கும். மண்டபத்துக் கடற்கரைப் புழுக்கத்தில் வாய் திறந்திருந்தாலே அது சிரமம். நிழலில் வைத்து, ஓரிரு நிமிடத்தில் வேலையை முடியுங்கள். நாக்கு நீலம் பாய்ந்தால் உடனே உருவுங்கள். வாந்தி எடுக்கும் நாய், மூச்சுத் திணறும் நாய், பக் போன்ற சப்பை மூக்கு நாய் எதற்கும் துணிக்கட்டு ஆகாது. வாங்க முடிந்தால் கூடை வாய்ப்பூட்டுதான் நல்லது. உள்ளேயே வாய் திறந்து மூச்சு வாங்கலாம்.

மேசையில் கால் வழுக்கினால் நாய் மிரளும். ஈரச் சாக்கு விரியுங்கள். ஒரு கையைக் கழுத்துக்கடியில் கொடுத்து, தலையை உங்கள் தோளோடு அணைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முகம் அதன் முகத்துக்கு எதிரே வரக் கூடாது. மறு கை முதுகுக்கு மேலாகப் போய், அந்தப் பக்க முன்னங்காலை முழங்கைக்குப் பின்னாலிருந்து முன்னே தள்ளட்டும். கட்டைவிரலை மேலே அழுத்தி வெளிப்பக்கம் லேசாகத் திருகினால் நரம்பு புடைக்கும். டாக்டர் சொன்னதும் கட்டைவிரலை மட்டும் தளர்த்துங்கள். முழங்கைப் பிடியை விட்டால் கால் பின்னே இழுபட்டு ஊசி பிடுங்கிக்கொள்ளும்.

கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வீட்டு நாயாக இருந்தாலும்.

பின்சேர்க்கை: இரை மீனோடு தூண்டில் முள்ளைக் கவ்விய நாய்க்கு வாயைக் கட்டாதீர்கள். தடித்த துண்டைக் கழுத்தைச் சுற்றிப் பட்டையாகப் பிடித்தால் தலை திரும்பாது. தொங்கும் தங்கூசி நரம்பை (தூண்டில் இழையை) இழுக்கவோ வாயோரம் அறுக்கவோ வேண்டாம். முள் உள்ளே எங்கே இருக்கிறதென்று தேட டாக்டருக்கு அது வேண்டும். கழுத்துப்பட்டையில் தளர்வாகக் கட்டிக் கொண்டுபோங்கள்.