உலகம் அழிந்த பிறகு குமரியில் ஆட ஒரு கதை: ரோல்பிளேயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, மாறி மாறிப் பேசிக் கதையை நகர்த்தும் ஆட்டம் ரோல்பிளே. எந்தக் களத்தில் ஆடலாம் என்று பேச்சு வந்தால், உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதை சீக்கிரமே மேலே வந்துவிடும். இந்த ஆசை புதியதும் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ரோல்பிளே ஆட்டம் அமெரிக்காவில் 1974-இல் விற்பனைக்கு வந்தது. நாலே ஆண்டில், 1978-இல், பேரழிவுக்குப் பிந்தைய உலகை வைத்து ‘காமா வேர்ல்டு’ வந்துவிட்டது.

இந்தக் களத்தில் அப்படி என்ன இருக்கிறது? முதலில், படித்துவிட்டு வர வேண்டியது எதுவும் இல்லை. ராஜா ராணி கதை என்றால் எந்த வம்சம், எந்த மந்திரம் என்று ஒருவர் பத்துப் பக்கம் எழுதி மற்றவர்களைப் படிக்க வைக்க வேண்டும். கதை நம் குமரி மாவட்டத்திலேயே நடப்பதால் வரைபடம் எல்லோர் தலையிலும் ஏற்கெனவே இருக்கிறது. வடசேரி சந்தை, தக்கலை ஜங்ஷன், மார்த்தாண்டம் மேம்பாலம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகம் என்று சொன்னாலே போதும், ஆள் அங்கே போய் நின்றுவிடுவார்.

அடுத்தது இன்னும் முக்கியம். அழிவு வந்தால் மரியாதை இடம் மாறும். கலெக்டர் அலுவலகம் பூட்டிக் கிடக்கும், பேங்க் மேனேஜருக்கு வேலை இருக்காது. பனையேறி அக்கானி (பதநீர்) இறக்கத் தெரிந்த எழுபது வயதுப் பெரியவர் ஊரின் பெரிய மனிதர் ஆகிவிடுவார். படகு மோட்டார் நின்றுபோன கடற்கரையில், கட்டுமரத்தில் துடுப்புப் போடத் தெரிந்தவர் சொல்வதுதான் சட்டம். நேற்றுவரை யாரும் கண்டுகொள்ளாத ஆள் இன்று இல்லாமல் முடியாது என்று ஆவதைப் பார்க்கத்தான் நாம் இந்தக் கதைக்கு வருகிறோம் என்பது என் எண்ணம். கீழே சொல்லும் தவறுகள் பெரும்பாலும் இந்த ஒரு சுகத்தைத்தான் கெடுக்கின்றன.

அழிவையே கதையாக எழுதுவது

முதல் நாள் ஆட்டம் முழுக்க வானம் சிவப்பதும் கட்டடங்கள் சரிவதும் ஆள் அலறுவதுமாகப் போனால், ஆடுபவர்களுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. ஓடலாம், ஒளியலாம், அவ்வளவுதான். கதையை அழிவு முடிந்து மூன்று மாதம் கழித்துத் தொடங்குங்கள். அப்போதுதான் யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி பிறக்கும்.

அதற்காகக் காரணத்தை விட்டுவிடவும் கூடாது. எதனால் அழிந்தது என்பதுதான் என்ன மிச்சம் என்பதைத் தீர்மானிக்கிறது. கொள்ளைநோய் என்றால் கடையில் சாமான் இருக்கும், எடுக்க ஆள் இருக்காது. கடல் ஏறியது என்றால் கரையோரக் கிணறெல்லாம் உப்பு, ஆனால் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஓர் இலைகூட அசைந்திருக்காது. மின்சாரமும் எண்ணெயும் மட்டும் நின்றது என்றால் ஆளும் இருக்கிறார்கள், பொருளும் இருக்கிறது, வேலைதான் நடக்காது. நம் மாவட்டத்துக்குப் பொருந்துவது இந்த மூன்றாவது வகை என்பேன். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். ஒரு வீட்டு மதில் முடியும் இடத்தில் அடுத்த வீட்டு மதில் தொடங்கும் ஊரில், மைல் கணக்கில் ஆளில்லாத சாலையில் ஒருவன் தனியாக நடக்கிறான் என்று எழுதினால் யார் நம்புவார்?

அடுத்த நாட்டு அழிவை இங்கே கொண்டுவந்து ஒட்டுவது

பாலைவனம், புழுதி, துப்பாக்கி, இரும்புத் தகடு அடித்த கார். திரையில் பார்த்துப் பழகியதால் கை தானாக அதையே எழுதும். குமரியில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிறது. இங்கே ஊரைக் கைவிட்டால் புழுதி மூடாது, பச்சைதான் மூடும். ஆறு மாதத்தில் முற்றத்தில் கொடி ஏறும், ஓட்டின் மேல் பாசி பிடிக்கும், கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்றில் கதவுக் கொண்டி துருப்பிடித்து உதிரும். துப்பாக்கி எத்தனை வீட்டில் இருக்கிறது? வெட்டுக்கத்தி இல்லாத வீடுதான் இல்லை.

பெட்ரோலையும் யோசியுங்கள். சேமித்து வைத்த பெட்ரோல் சில மாதங்களிலேயே கெடத் தொடங்கும். எத்தனால் கலந்தது இன்னும் சீக்கிரம். அழிவு நடந்து ஐந்து வருடம் கழித்தும் பைக்கில் பறக்கும் நாயகன், கதையின் எடையைத் தானே குறைக்கிறான்.

எனக்குப் பிடித்த தவறு ஒன்று உண்டு. ‘நமக்கு என்ன கவலை, ஆரல்வாய்மொழியில் அத்தனை காற்றாலை நிற்கிறதே’ என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். கணவாய்க் காற்றில் இறக்கை சுற்றும்தான். ஆனால் பழைய காற்றாலைகள் பலவற்றில் இருப்பது இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். வெளியே கம்பியில் ஏற்கெனவே மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது தன் பங்கைச் சேர்க்க முடியும். கிரிட், அதாவது அந்த மின்கம்பி வலை, செத்துப்போனால் அதுவும் படுத்துவிடும். இது கதைக்கு நட்டம் என்று நினைக்காதீர்கள். ஒரு காற்றாலையைத் தனியாகப் பிரித்து, கெப்பாசிட்டர் சேர்த்து, ஒரு ஆஸ்பத்திரிக்காவது மின்சாரம் கொடுக்க முடியுமா என்பதே பல வாரம் ஓடக்கூடிய கதை. அதற்கு எலெக்ட்ரிக்கல் படித்த பாத்திரம் வேண்டும். நம் மாவட்டத்தில் இன்ஜினீயரிங் படித்தவருக்குப் பஞ்சமா என்ன?

மரச்சீனியையும் (மரவள்ளிக் கிழங்கு) இப்படியே பாருங்கள். மண்ணுக்குள் இருக்கும்வரை மாதக்கணக்கில் தாங்கும், பிடுங்கினால் இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். ஆக விளை (தோட்டம்) முழுக்கக் கிழங்கு வைத்திருப்பவனிடம் ஒரே இரவில் கொள்ளையடித்துவிட முடியாது. இருட்டில் தோண்ட வேண்டும், சுமக்க வேண்டும், உடனே அவித்துக் காயவைக்க வேண்டும். கசப்புக் கிழங்கை ஒழுங்காக வேகவைத்து நீரை வடிக்காமல் தின்றால் விஷம். பாட்டியைக் கேட்காமல் அவசரப்பட்ட திருடர் கூட்டத்துக்கு என்ன ஆனது என்று எழுதிப் பாருங்கள்.

எல்லோரையும் ஒரே வாரத்தில் கொள்ளைக்காரர் ஆக்குவது

அழிவு வந்ததும் மனிதர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவார்கள் என்பது எழுதுபவருக்கு வசதியான கற்பனை. 1963-இல் அமெரிக்காவின் ஒஹையோவில் தொடங்கிய பேரிடர் ஆய்வு மையத்தின் சமூகவியலாளர்கள் பல பேரிடர்களை நேரில் ஆராய்ந்து கண்டது வேறு. பீதியில் கண்மண் தெரியாமல் ஓடுவதும் கொள்ளையும் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. முதலில் உதவ வருவது பக்கத்து வீட்டுக்காரர்தான். இதற்கு ஒஹையோ வரை போகவும் வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, கடலில் சிக்கியவர்களைத் தேட மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே இறங்கினார்கள். அடுத்த வருடம் கேரள வெள்ளத்தில் வீடுகளில் மாட்டிக்கொண்டவர்களை மீட்டதிலும் மீனவர்களின் படகுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

நல்லவர்கள் மட்டும் இருந்தால் மோதல் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். நல்லவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே தண்ணீர் தேவைப்பட்டால் போதும்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்துக்கொள்வோம். 1966-இல் கட்டியது. பறளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில் கால்வாய்த் தண்ணீரை ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குக் கொண்டுபோகிறது. மோட்டார் கிடையாது, வாட்டத்திலேயே ஓடும். மின்சாரம் நின்ற உலகத்திலும் மலைப்பக்கம் ஷட்டரைத் திறக்க ஆள் இருக்கும்வரை தொட்டியில் தண்ணீர் வரும். இப்போது ஒருவர் தன் முறை வந்ததும் இப்படி எழுதுகிறார்:

“பாலத்தின் மேல் ஏறுகிறேன். அந்தப் பக்கம் நிற்கும் ஐந்து பேரையும் வெட்டிச் சாய்க்கிறேன். மற்றவர்கள் பயந்து ஓடுகிறார்கள்.”

ஒரே வரியில் இரண்டு தவறு. எதிரே நிற்பவர்கள் யார் என்று கேட்கவே இல்லை. அவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் இவரே முடிவு செய்துவிட்டார். அடுத்தவர் பாத்திரத்தை நாம் ஆட்டுவதுபோல ரோல்பிளேயில் எரிச்சலூட்டுவது வேறு எதுவும் இல்லை. இதையே இப்படி எழுதலாம்:

“தொட்டிக்குள் இறங்கிப் பார்க்கிறேன். நேற்று முழங்கால் வரை இருந்த தண்ணீர் இன்று கணுக்காலுக்குத்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் குத்தவைத்திருக்கும் பெரியவரிடம் கேட்கிறேன்: ‘அண்ணாச்சி, மேல யாராவது அடைச்சிட்டாவளா?’”

பெரியவரை ஆடுபவர் பதில் எழுதுகிறார்: “‘நாங்கதான் அடைச்சோம் மக்கா. எங்க நாத்து காயுது.’”

அவ்வளவுதான், ஆட்டம் சூடுபிடித்துவிட்டது. யார் மேலும் தப்பில்லை, இருவருக்கும் வயல் காய்கிறது. 2010-இல் வந்த ‘அபோகலிப்ஸ் வேர்ல்டு’ ஆட்டத்தின் விதிகள் கதை நடத்துபவருக்குச் சொல்வதும் இதை ஒட்டியதுதான்: கதையை முன்கூட்டியே முடிவு செய்யாதே, ஆடுபவர்களிடம் உறுத்தும் கேள்விகளைக் கேள், அவர்கள் சொல்லும் பதிலின் மேல் கதையைக் கட்டு.

பற்றாக்குறைக்குக் கணக்குப் பிள்ளை வைப்பது

அரிசி எத்தனை கிலோ, தீப்பெட்டி எத்தனை, மெழுகுவர்த்தி எத்தனை என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தால் ரேஷன் கடைப் பதிவேடு ஆகிவிடும். எதையுமே எண்ணாவிட்டால் பற்றாக்குறை வெறும் பேச்சு. இரண்டே பொருளைத் தேர்ந்தெடுத்து அவற்றை மட்டும் எண்ணுங்கள். ஒன்று நம்மிடம் இருப்பது, மற்றது இல்லாதது. உதாரணத்துக்கு உப்பும் இன்சுலினும். புத்தளம், சாமித்தோப்புப் பக்கம் உப்பளம் இருப்பதால் கரையோரக் குழுவுக்கு உப்பு கையிருப்பு, மலைக்காரர்களுக்கு அது பொன். இன்சுலின் குளிரில் இருக்க வேண்டும், அறை வெப்பத்தில் ஏறக்குறைய நாலு வாரம்தான். மண்பானைக்குள் பானை வைத்து ஈரமணல் இட்டுக் குளிர்ச்சி கொடுத்தால் இன்னும் சில நாள் இழுக்கலாம். அந்த நாட்களுக்குள் யார் எங்கே போய்வர முடியும் என்பதில் கதையே வந்துவிடும்.

உண்மையான சாவை அலங்காரமாக வைப்பது

குமரியில் இந்த ஆட்டத்தை ஆடும்போது மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 இங்கே நினைவுநாள். குளச்சலிலும் மணக்குடியிலும் ஆட்களை இழந்த குடும்பங்கள் இன்றும் அதே தெருக்களில் இருக்கின்றன. மணக்குடிப் பாலம் அலையில் போனதைக் கண்ணால் பார்த்தவர் உங்கள் குழுவிலேயே இருக்கலாம். ஒக்கியில் கடலுக்குப் போனவர் உடலும் கிடைக்காமல் போன வீடு தூத்தூர், வள்ளவிளை பக்கம் உண்டு. ‘அப்போது ஒரு பெரிய அலை வந்தது’ என்று விறுவிறுப்புக்காக ஒருவர் எழுதுவதை மற்றவர் எப்படி வாசிப்பார் என்பது எழுதுபவருக்குத் தெரியாது.

அதனால் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். எது கதைக்குள் வரவே கூடாது, எது வரலாம் ஆனால் விவரிக்காமல் கடந்துபோக வேண்டும் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் ரோல்பிளே ஆடுபவர்களிடம் பல காலமாக உண்டு. ‘எக்ஸ் கார்டு’ என்ற முறையும் இருக்கிறது. எக்ஸ் போட்ட ஒரு அட்டை மேசை நடுவே கிடக்கும். யார் தொட்டாலும், காரணம் கேட்காமல், அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் ஆடினால் ஒரு எக்ஸ் அனுப்பினால் போதும். ‘இதுக்கெல்லாமா?’ என்று கேட்கிற ஆள் இருந்தால் அவரைக் கதை நடத்த விடாதீர்கள்.

நினைவை முழுக்க விலக்க வேண்டும் என்று சொல்லவரவில்லை. ஒக்கிக்குப் பிறகு கரண்ட் வராத நாட்களில் செல்போனுக்குச் சார்ஜ் போட ஜெனரேட்டர் இருக்கும் வீட்டைத் தேடியது, சாய்ந்த ரப்பர் மரங்களை வெட்டி வழி உண்டாக்கியது போன்றவற்றை அவரவர் விரும்பிச் சொன்னால் கதைக்கு அதைவிட நல்ல சரக்கு கிடையாது. நம்பிக்கைகளிலும் அதே நிதானம் வேண்டும். கலி அழிந்து தர்மயுகம் வரும் என்பது அய்யாவழி மக்களுக்கு இன்றும் வாழும் நம்பிக்கை. அதை அரக்கன் வரும் காட்சிக்குப் பின்னணியாக எடுத்து ஆட வேண்டாம்.

அப்புறம் சில சில்லறைத் தவறுகள். ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரத்தைவிடப் பெரிய ஆபத்தைக் கொண்டுவருவது: நோய், அப்புறம் வெள்ளம், அப்புறம் விண்கல் என்று போனால் நாலாவது வாரம் யாரும் அசைய மாட்டார்கள். சிரிப்பே இல்லாமல் எழுதுவது: உலகம் அழிந்த ஊரிலும் சக்கை (பலா) வறுவல் பங்கிடும்போது சண்டை வரும், அதை வரவிடுங்கள்.

கதை எப்போது முடியும் என்று சொல்லாமலே தொடங்குவதும் தவறுதான். பாதி ஆட்டங்கள் முடிவதில்லை, ஒவ்வொருவராகப் பதில் போடாமல் நின்றுபோய்த் தேய்கின்றன. அதற்குப் பருவக்கணக்கு உதவும். நெல்லின் முதல் போகமான கன்னிப்பூ நடவில் தொடங்கி அறுவடைவரை என்று முதல் நாளே பேசி வையுங்கள். நெல் வீடு வந்து சேர்கிறதா, வந்தால் யார் வீட்டுக்கு எத்தனை மரக்கால் என்பது கடைசி ஆட்டம். அதற்குப் பிறகும் ஆசை விடவில்லை என்றால் அடுத்த போகமான கும்பப்பூவுக்குப் புதிய பாத்திரங்களோடு வாருங்கள். பழைய பாத்திரங்களை ஊர்ப் பெரியவர்களாக ஓரத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம்.