792 அட்டைகளை மாற்றி மாற்றியே சேர்ப்பது எப்படி?

பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்டு, பாக்கெட்டுகளில் விற்கப்படும் அட்டைகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர்களில் பலர் புகழ்பெற்ற ஒரே அட்டையைத் தேடித்தான் முதலில் பணத்தைச் செலவிடுகிறார்கள். அதைவிட, ஓர் ஆண்டின் முழுத் தொகுப்பை எடுத்துக்கொண்டு, விடுபடும் எண்ணுள்ள அட்டைகளைச் சக சேகரிப்பாளர்களிடம் மாற்றிப் பெற்று நிரப்புவதே நல்ல தொடக்கம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அட்டையின் தரத்தைப் பார்க்கும் கண்ணும், நேர்மையாகக் கொடுத்து வாங்கும் பழக்கமும் அந்த வேலையில்தான் கைவருகின்றன. இதற்கு நான் பரிந்துரைப்பது அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் 1987இல் வெளியிட்ட தொகுப்பு.

மரப்பலகையின் ரேகைகளைப் போன்ற பழுப்பு விளிம்பு கொண்ட இத்தொகுப்பில் 792 அட்டைகள் உள்ளன. 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் நிறுவனங்கள் தேவைக்கு மிஞ்சி அச்சடித்ததால், இவற்றில் பெரும்பாலானவை இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன. முதலீடாக எண்ணி வாங்கியவர்களுக்கு அது ஏமாற்றம்தான். ஆனால் மாற்றிச் சேர்க்க நினைப்பவருக்கு அதுவே வசதி, ஏனெனில் பலரிடமும் ஒரே அட்டை இரண்டு மூன்றாக இருக்கிறது.

முதல் படியாக ஒரு பெட்டி மட்டும் வாங்குங்கள். ஒரு பெட்டியில் 36 பாக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் 17 அட்டைகள், ஆக 612. ஒன்றுகூடத் திரும்ப வராவிட்டாலும் தொகுப்பு நிறைவடையாது, நடைமுறையிலோ பல எண்கள் திரும்பத் திரும்ப வரும். இரண்டாவது பெட்டியை வாங்கும் ஆசை அப்போது எழும். அதை அடக்கிக்கொண்டு, மிகையாக வந்தவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். இனி உங்கள் கைமுதல் அவைதான்.

அடுத்தது பிரிப்பது. கையைக் கழுவி உலர்த்திய பின், அட்டையின் ஓரங்களை மட்டும் பிடித்து, முதலில் நூறு நூறாகவும் பிறகு பத்துப் பத்தாகவும் எண் வரிசைப்படுத்துங்கள். ஒரே எண்ணில் இரண்டு வந்தால் நல்ல விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து, மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கிறதா என்ற நான்கையும் ஒப்பிட்டு, சிறந்ததை உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டின் பழுப்பு விளிம்பு தேய்ந்தால் உள்ளிருக்கும் வெள்ளை உடனே தெரியும் என்பதால், கண்ணைப் பழக்க இது மிகவும் ஏற்ற தொகுப்பு. அக்காலப் பாக்கெட்டுக்குள் சூயிங்கம் துண்டு ஒன்றும் வைக்கப்பட்டிருந்தது. அது பட்ட அட்டையில் கறையும், பாக்கெட்டின் மெழுகுத்தாள் உறை ஒட்டிய அட்டையில் மங்கலான படலமும் இருக்கக்கூடும்.

பிறகு, தேவைப்படும் எண்களுக்கு ஒன்றும், மிகையாக உள்ளவற்றுக்கு ஒன்றுமாக இரண்டு பட்டியல்கள் எழுதுங்கள். தொகுப்பிலேயே சரிபார்ப்புப் பட்டியல் அட்டைகள் உண்டு. அவற்றில் பேனாவால் குறி போட்டுவிடாதீர்கள். குறியிட்ட பட்டியல் அட்டை பழுதுபட்டதாகவே கருதப்படும்.

பட்டியலை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அட்டைக் கடைக்கோ கண்காட்சிக்கோ செல்லலாம். அமெரிக்காவில் 1980 முதல் நடந்துவரும் தேசிய விளையாட்டுச் சேகரிப்பாளர் மாநாடு இவற்றுள் பெரியது. சாதாரண வீரர்களின் அட்டைகளை ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்வதே போதுமானது. அங்கே காசுக்கணக்குப் பார்ப்பது இருவரின் நேரத்தையும் வீணாக்கும். ஆனால் 170ஆம் எண் போ ஜாக்சன், 320ஆம் எண் பேரி பாண்ட்ஸ், 648ஆம் எண் பேரி லார்க்கின் ஆகிய அட்டைகளுக்கு மதிப்பைப் பார்த்தே பேச வேண்டும். விற்பவர் கேட்கும் விலையை நம்பாமல், இபே போன்ற தளங்களில் அண்மையில் உண்மையாகவே விற்று முடிந்த விலையைப் பாருங்கள்; கேட்கும் விலையை எவரும் எப்படியும் எழுதலாம்.

பேசும்போது குறைகளை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ஒருமுறை நான் அனுப்பிய அட்டையில் மெல்லிய மடிப்பு ஒன்று இருந்ததைக் கவனிக்கத் தவறிவிட்டேன். பெற்றவர் தெரிவித்ததும் வேறொன்றை என் செலவில் அனுப்பினேன். இன்றுவரை அவரோடு கொடுக்கல் வாங்கல் தொடர்கிறது.

தபாலில் அனுப்புவதுதான் அதிகக் கவனம் வேண்டும் படி. மதிப்புள்ள அட்டையை முதலில் மென்மையான பிளாஸ்டிக் உறையிலும், பின் டாப்லோடர் எனப்படும் விறைப்பான உறையிலும் இட்டு, அதன் வாயைச் சுவர் வண்ணம் பூசுவோர் பயன்படுத்தும் எளிதில் உரியும் டேப்பால் மூடுங்கள். பெறுபவர் பிடித்து இழுக்க டேப்பின் நுனியைச் சற்று மடித்து விடுங்கள். சாதாரண அட்டைகளைக் கட்டாக அனுப்பும்போது ரப்பர் பேண்ட் போடவே கூடாது. அது விளிம்பில் பதிந்துவிடும். இரண்டு காகித அட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து, குமிழி உறையில் இட்டு அனுப்புங்கள். விறைப்பான பொருளைச் சாதாரண அஞ்சலுறையில் அனுப்பினால், தபால் பிரிக்கும் இயந்திரத்தில் சிக்கி உறை கிழிய வாய்ப்புண்டு.

வந்த அட்டைகளை ஒன்பது அறைகள் கொண்ட பிளாஸ்டிக் தாள்களில் அடுக்கி, ஓர் ஏடாகக் கோத்து வையுங்கள். பிவிசி கலக்காத தாளாகப் பார்த்து வாங்குங்கள். அறைக்கு இரண்டு அட்டைகளை முதுகோடு முதுகாக வைத்தால் முழுத் தொகுப்புக்கும் 44 தாள்கள் போதும். 1986இல் ஒரே ஆட்டத்தில் 20 பேரை ஸ்ட்ரைக்-அவுட் (பந்தை அடிக்க விடாமலே ஆட்டமிழக்கச் செய்வது) செய்த ரோஜர் கிளமென்ஸின் சாதனை அட்டைதான் முதல் எண். கிடைக்காத எண்ணுக்குரிய இடத்தை அடுத்த அட்டையால் நிரப்பிவிடாமல், அந்த எண்ணை எழுதிய சிறு தாளை அங்கே செருகி வையுங்கள். அடுத்து ஒருவரைச் சந்திக்கப் புறப்படும்போது ஏட்டைப் புரட்டினாலே என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.